மடிப்புக் கலையாத பர்தாவும் மருத்துவமாதுப் பரீட்சையும்

பரீட்சை என்றால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குக் காது கேட்காமல் போனது. (டொக்டரிடம் காட்டும் வியாதி இல்லை, முழுக்க முழுக்க என் சொந்தத் தயாரிப்பு.) இன்று மருதமுனையில் மருத்துவமாதாக ஸ்கூட்டியில் தெருத் தெருவாகச் சுற்றுகிறேன். கர்ப்பிணிகள் என்னை நம்பி வயிற்றைக் காட்டுகிறார்கள். அவர்களில் யாருக்காவது இந்தக் கதை தெரியாமல் இருந்தால், அவர்களுடைய உம்மாமார் நான் போவதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

பயிற்சிப் பாடசாலையில் பொம்மைக்குப் பிரசவம் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்த காலம் அது. பொம்மை கத்தாது, கையைப் பிடித்து நெரிக்காது. கடைசியாக ஒரு களப் பரீட்சை இருந்தது. மேற்பார்வை செய்யும் மிஸ் பக்கத்தில் நிற்க, ஒரு வீட்டுக்குப் போய்க் கர்ப்பிணியைச் சோதிக்க வேண்டும். வயிற்றில் சிறு குழலை வைத்து, மறுமுனையில் காதை வைத்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுச் சொல்ல வேண்டும். இதில் தவறினால் அடுத்த பிரிவுப் பிள்ளைகளோடு மறுபடியும் உட்கார வேண்டும். என் உம்மாவோ நான் பாஸான செய்தியைப் பரீட்சைக்கு முன்பே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அன்று காலை என்னை அலங்கரித்தவள் என் தங்கை. உள்ளே இறுக்கமான ஒரு தொப்பி, அதற்கு மேல் கஞ்சி போட்ட புத்தம் புதுப் பர்தா, அதையும் இரண்டாய் மடித்துச் சுற்றி, கண்ட இடமெல்லாம் பின் குத்தினாள். கண்ணாடியில் பார்த்தேன். பெரிய மிஸ்ஸி மாதிரியே இருந்தேன். (மருத்துவமாதை எங்களூரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.) பின்னால் நின்று தங்கை என்னவோ சொன்னாள், சரியாகக் கேட்கவில்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

பரீட்சைக்கு வாய்த்தவள் சிபானா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் சிபானாவும் அவளுடைய மூத்தவளான ராத்தாவும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். சிபானாவுக்கு நிறைமாதம். முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மவுத்தாகி, உயிரில்லாமல்தான் பிறந்தது. கட்டிலில் படுத்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, துடிப்பு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. மத்ததெல்லாம் மறுகா பாப்பம்."

மேற்பார்வைக்கு வந்த சரோஜா மிஸ் வாசலருகே நின்று சிபானாவின் உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். அவர் கோமாரிக்காரர், அதிகம் கதைக்காதவர். அவர் ஒரு பார்வை பார்த்தாலே எனக்குப் படித்தது பாதி மறந்துவிடும்.

குழலை வயிற்றில் வைத்தேன். மற்ற நாட்களில் மெல்லிய பர்தாவைக் கொஞ்சம் ஒதுக்கிக் குழலைக் காதோடு வைப்பேன். அன்று ஒதுக்கினால் பின்களெல்லாம் கழன்றுவிடும், தங்கையின் உழைப்பு வீணாகும். எனவே மடிப்புக் கலையாமல் துணிக்கு மேலேயே காதை அழுத்தினேன். (அழகு முக்கியம்.)

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. டக்... டக்... டக்...

எனக்கு வியர்த்துவிட்டது. பிள்ளையின் இதயம் ஓட்டமாக ஓட வேண்டும். இது ஆற அமர நடந்து போனது. இன்னும் அழுத்திக் கேட்டேன். அதே நடைதான். கேட்பது தாயின் துடிப்பு இல்லை என்று உறுதியாக்க, அவளுடைய நாடியையும் கூடவே பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது படித்த பாடம். அது தலையை விட்டு எப்போதோ போயிருந்தது. சிபானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கப் பார்த்தேன், வாய் கோணியது.

டக்... டக்...

நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இல்லை. குழலை நகர்த்தி வைத்தேன். அங்கேயும் இல்லை. அந்த நேரத்தில் ஒரு மருத்துவமாது அமைதியாக எழுந்து மிஸ்ஸைக் கூப்பிட வேண்டும். நான் உள்ளதை அப்படியே கத்திவிட்டேன்.

"மிஸ்! நிண்டுட்டு! துடிப்பு நிண்டுட்டு!"

"யா அல்லாஹ்! என்ட புள்ளட புள்ள!" என்று சிபானாவின் உம்மா சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். சிபானா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சரோஜா மிஸ் ஓடி வந்தார். கையை நீட்டிக் குழலைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை, விட்டால் பிள்ளை போய்விடும் என்பது போல் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சிபானாவின் வயிற்றில் கையை வைத்துக் குனிந்து அவளிடம் என்னவோ சொன்னார். காது முழுக்கத் துணி, எனக்கு விளங்கவில்லை. அந்த நொடியில் மறுபடியும் கேட்டது. டக்... டக்...

"வந்துட்டு மிஸ்! அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டு!"

மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். மெல்ல நடந்து போய் யன்னல் வழியாக அடுத்த வீட்டை நோக்கிச் சொன்னார்.

"தம்பி, தறிய ஒருக்கா நிப்பாட்டுங்க."

"மிஸ், திரும்பவும் நிண்டுட்டு!" என்றேன், அழுகையோடு.

"தம்பி, இப்ப அடிங்க."

"வந்துட்டு மிஸ்!"

அடுத்த வீட்டில் தறி அடித்துக்கொண்டிருந்தவர் சிபானாவின் ராத்தாவுடைய மாப்பிள்ளை, நவாஸ் மச்சான். இடையில் நூல் அறுந்ததால் தறியை நிறுத்தி, நூலை முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார். வீட்டுக்கு வீடு தறி இருக்கும் மருதமுனையில் பிறந்தவளுக்குத் தறிச் சத்தம் காதில் ஏறுவதே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கும். தறியில்லாத கோமாரியில் கடல் சத்தத்தோடு வளர்ந்தவருக்குத்தான் அது உடனே கேட்டிருக்கிறது.

மிஸ் என் பர்தாவின் பின்னைக் கழற்றி, துணியை ஒதுக்கி, என் தலையைப் பிடித்துக் குழலில் வைத்தார்.

"இப்ப கேளு மகள்."

கேட்டேன். அது ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் பொருட்படுத்தாமல், எங்கள் கூத்து ஒன்றும் தெரியாமல், படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"புள்ள உதைச்சது மிஸ்ஸி," என்றாள் சிபானா. "நீங்க நிண்டுட்டு எண்டு கத்தி, பெரிய மிஸ்ஸி ஓடி வந்து கைய வெச்ச நேரம், அவட கையில நல்லா உதைச்சது." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அழுகையும் சிரிப்புமாக வயிறு குலுங்கியது. தரையில் இருந்த உம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் என் பர்தாவின் கஞ்சி கரைந்திருக்கும்.

அன்று மிஸ் என்னைப் பாஸாக்கவில்லை. பாஸாக்கியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். மறு தவணையில் மெல்லிய பர்தா கட்டிக்கொண்டு போய்ப் பாஸானேன். சிபானாவுக்குச் சுகமாய் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அல்லாஹ்வின் நாட்டம், எனக்கு வேலை கிடைத்ததும் அதே தெருக்களில்தான்.

இப்போது சிபானாவுக்கு மறுபடியும் நிறைமாதம். என் ஸ்கூட்டி அந்தத் தெருவுக்குள் திரும்பினால் போதும், நவாஸ் மச்சான் எட்டிப் பார்த்துக் கத்துவார்:

"மிஸ்ஸி வாறா! எல்லாரும் தறிய நிப்பாட்டுங்க, புள்ளைக்கு ஒண்டும் ஆகப்படாது!"

வரிசையாகத் தறிகள் நிற்கும். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளே போவேன். பர்தாவை ஒதுக்கி, நாடியைப் பிடித்துக்கொண்டு, குழலில் காதை வைப்பேன். தெருவே சத்தமில்லாமல் காத்திருக்கும். சிபானா கண்ணை மூடிக்கொண்டு என் மற்றக் கையை இறுக்கிப் பிடித்திருப்பாள், அது மட்டும் அவளுக்கு விளையாட்டில்லை. நன்றாகக் கேட்ட பிறகு யன்னல் பக்கம் திரும்பி, "அடிக்குது மச்சான்!" என்று கத்துவேன். அடுத்த வீட்டில் தறி தொடங்கும், அதற்கடுத்த வீட்டிலும் தொடங்கும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் சிபானா என் கையை விடுவாள்.