சாம்பல் இல்லாத இஞ்சின்

ஒரு காட்டில் ரயில் ஓடியது. காட்டில் ஏது ரயில் என்று கேட்பவர்கள், இனி வரப்போகும் பேசும் புலியை மட்டும் எப்படி நம்பப் போகிறீர்கள்?

அந்தக் காட்டு ஸ்டேஷனில் சரக்கு வேகன்களை இழுத்து வரிசைப்படுத்துவது வீரணன் என்ற குதிரையின் வேலை. ஸ்டேஷன் மாஸ்டர் புலி. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு அவர் வீட்டில் விருந்து நடக்கும். விருந்துக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. வீரணனுக்கு இது தெரியும்.

ஒருநாள் சீமையிலிருந்து ஒரு குட்டி பெட்ரோல் இஞ்சின் வந்து இறங்கியது. பெட்டிக்கடைக்குச் சக்கரம் மாட்டியது போல இருந்தது. கூடவே ஒரு முயல் மெக்கானிக்கும் வந்தது.

"கரி வேணாம், தண்ணி வேணாம் சார். கைப்பிடியைச் சுத்தினா கிளம்பிடும். இனிமே குதிரையே தேவையில்லை," என்றது முயல்.

புலி வீரணனைத் தலை முதல் வால் வரை பார்த்து உதட்டை நக்கிக்கொண்டது.

"ரொம்ப சந்தோஷமுங்கய்யா," என்றது வீரணன். "புறப்பாட்டுப் படிவத்தை மட்டும் நிரப்பிட்டா, நான் விருந்துக்கு வந்துடறேன்."

அந்தப் படிவம் நீராவி இஞ்சின் காலத்தில் எழுதியது. அதை நிரப்பாமல் எந்த இஞ்சினும் ஓர் அங்குலம் நகரக் கூடாது. புலி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தது.

"கொதிகலன்ல தண்ணி எவ்வளவு?"

"கொதிகலனே கிடையாது சார்," என்றது முயல்.

"நெருப்பு மூட்டியாச்சா?"

"ஐயையோ! பெட்ரோல் சார்! நெருப்பு பட்டா ஸ்டேஷனே இருக்காது!"

"நேத்து சாம்பலை அள்ளியாச்சா?"

"எரிஞ்சாத்தானே சார் சாம்பல்?"

"தண்ணி இல்லை, நெருப்பு இல்லை, சாம்பல்கூட இல்லை. அப்புறம் இது எப்படிய்யா இஞ்சின்?"

முயலுக்கு ரோஷம் வந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றியது. குட்டி இஞ்சின் படபடவென்று கிளம்பி, வீரணன் அரை நாளில் முடிக்கும் வேலையை அரை மணியில் முடித்தது. வேடிக்கை பார்த்த குரங்குகள் கைதட்டின. வீரணன் குலதெய்வத்தை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா சார்? இஞ்சின் சரியாத்தான் இருக்கு. படிவம்தான் தப்பு. இதை எழுதின ஆளுக்கு இஞ்சினைப் பத்தி ஒரு மண்ணும் தெரியலை."

குரங்குகள் கைதட்டுவதை நிறுத்தின. படிவத்தின் அடியில் இருந்தது புலியின் கையெழுத்து.

அன்று விருந்து நடந்தது. முயல் போனது.

இப்போதும் ஸ்டேஷன் பதிவேட்டில் வேகன்களை இழுப்பது பெட்ரோல் இஞ்சின்தான். அதை வேகன்களுக்கு முன்னால் மாட்டிவிட்டு, வீரணன் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கிறது. கனம் முன்னைவிடக் கூடுதல்தான். ஆனாலும் தினமும் காலையில் டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு கூடை சாம்பலை வாங்கி வந்து, இஞ்சினுக்கு அடியில் கொட்டி, அள்ளிக் காட்டிவிடுகிறது. புலி சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறது.

நீதி: வேலை தெரிந்தவன் விருந்தாவான், படிவம் தெரிந்தவன் சாம்பலாவது அள்ளிப் பிழைப்பான்.