இருநூற்று நாற்பத்தேழாவது இடம்

சம்பல் ஆற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நீங்கள் நம்ப வேண்டுமே என்று சில இடங்களில் குறைத்தே சொல்லியிருக்கிறேன்.

கச்சோரியைப் பாதி கடித்த நிலையில் சுதான்ஷு ஜா தலையை நிமிர்த்தினான். நாற்சந்தியில், பயிற்சி நிலையங்களுக்குப் பேர்போன கோட்டா நகரமே பார்க்கும் உயரத்தில், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் வென்ற ஒன்பது பேரின் படங்களோடு ஒரு விளம்பரப் பலகை. நடுவில் அவன் முகம். கீழே, 'சுதான்ஷு ஜா, தர்பங்கா. அகில இந்திய அளவில் 247வது இடம்.'

சுதான்ஷு அந்தத் தேர்வில் பதினொரு மதிப்பெண் குறைந்து தோற்றவன். இரண்டாம் முறை எழுதுவதற்காகப் போன வாரம்தான் ரயிலேறி வந்து, படத்தையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்து ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தான். அந்தத் தேர்வை இரண்டு முறைதான் எழுத விடுவார்கள். இதுவும் போனால் மாமாவின் உரக்கடையில் யூரியா நிறுக்க வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு.

பாதிக் கச்சோரியோடு, பலகையை மாட்டியிருந்த அந்தப் பயிற்சி நிலையத்தின் அலுவலகத்துக்கு ஓடினான்.

"தப்புதான் தம்பி," என்றார் குமாஸ்தா பட்நாகர். "கம்ப்யூட்டர் பண்ண தப்பு."

"அப்ப இறக்கிடுங்க சார்."

"எப்படி இறக்குறது? ஒன்பது பேரும் ஒரே துணி. உன்ன மட்டும் வெட்டி எடுத்தா நடுவுல ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியா ஊரே எங்க மானத்தைப் பாக்கும்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சுதான்ஷு ஏணி வைத்து ஏறி, தன் படத்துக்கு ஷூ பாலிஷால் அடர்த்தியாக ஒரு மீசை வரைந்தான். இனி யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நிம்மதியாகக் குளிக்கப் போனான்.

"கம்பீரமா இருக்கே!" என்றார் பட்நாகர். மீசையோடு சேர்த்து, இரண்டு மடங்கு பெரிதாகப் புதுப் பலகை அச்சடித்து மாட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் பேட்டைப் பையன்கள் அத்தனை பேரும் மீசை வளர்க்கத் தொடங்கினார்கள். முடிதிருத்துபவர் இருவர் கடையை மூடிவிட்டுப் பழச்சாறு விற்கப் போனார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று, விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் முக்காலி மேல் ஏறி நின்றான்.

"கேளுங்கப்பா! நான் ஃபெயிலு! பதினொரு மார்க்குல ஃபெயிலு!"

கை தட்டினார்கள்.

"அடக்கத்தைப் பாருடா," என்றான் ஒருவன்.

"பாஸானவரு திரும்ப எதுக்குடா எழுத வந்திருக்காரு?"

"மும்பை ஐ.ஐ.டி.யில கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்கலையாம். வேற எதையும் கையால தொடமாட்டாராம்."

கோட்டாவில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அன்று மத்தியானமே, மகனோடு அறை எடுத்துத் தங்கியிருந்த கோரக்பூர் அம்மாள் ஒருத்தி அவனைப் படிக்கட்டில் மடக்கினாள்.

"பேட்டா, இவனுக்கு வெப்ப இயக்கவியல்ல ஒரு டவுட்டு. நீ பாத்தா ஒரு நிமிஷம்."

சுதான்ஷு பார்த்தான். விடை இருக்கட்டும், கேள்வியே புரியவில்லை.

"இது சின்ன விஷயம் ஆன்ட்டி. சாயந்திரம் அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு அறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினான். மூன்று புத்தகம், நாலு மணி நேரம். விடை வந்துவிட்டது. சாயந்திரம் பையனும் வந்தான், இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு.

அவர்களை விரட்டப் பார்த்தான். "கஷ்டமான கேள்வி இருந்தா மட்டும் வாங்க!" என்றான். அவ்வளவுதான், கஷ்டமான கேள்விகளாகவே வந்தன. வரிசை பக்கத்துப் பூந்தி மாவட்ட எல்லையைத் தாண்டிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது மிகை. எல்லைக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. வகுப்பு என்றைக்குத் தொடங்கும் என்று விசாரிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை. காலையில் நாற்பது கேள்வி வாங்குவான், சாயந்திரத்துக்குள் நாற்பதையும் கற்றுக்கொள்வான், கற்பிப்பான்.

பீகாரில் சத் பூஜைப் பண்டிகை முடிந்த கையோடு அப்பா வந்து இறங்கினார்.

"ஏன்டா, பாஸானத வீட்டுக்கு மறைச்ச? வாட்ஸ்அப்புல படம் வந்துதான் எங்களுக்கே தெரியுது!"

"பாபுஜி, நான் பாஸாகல."

அப்பா அவனை இறுகக் கட்டிக்கொண்டார். "247 எல்லாம் ஒரு பாஸான்னு கேக்கிற பாரு! சிங்கம்டா நீ! தெரு பூரா லட்டு குடுத்தாச்சு. மாமா கடை வேலையையும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குடுத்தாச்சு. உனக்கு எதுக்குடா யூரியா?"

இப்போது தோற்றால் உரக்கடையும் கிடையாது. அன்றிலிருந்து சுதான்ஷு கேள்வி கேட்பவர்களைத் தானே தேடிப் போனான்.

தேர்வு நாள் வந்தது. வினாத்தாளில் தெரியாதது என்று ஒன்றுமில்லை. எந்தக் கேள்வியை யார் கேட்டார்கள் என்று ஓரத்தில் பெயர் எழுதலாம் போலிருந்தது. ஏழாவது கேள்வி கோரக்பூர் அம்மாள். பதினெட்டாவது, பேதி வந்து படுத்திருந்த ஜான்சிக்காரன்.

முடிவு வந்தது. அகில இந்திய அளவில் அறுபத்தொன்றாவது இடம். மும்பை, கம்ப்யூட்டர் பிரிவு!

கோட்டாவில் வாடகைக்கு ஒரு டோலக் மேளம்கூடக் கிடைக்கவில்லை, அத்தனையும் அவன் ஊர்வலத்தில் இருந்தன. அப்பா ஆட்டோவின் கூரைமேல் நின்று ஆடினார். மீசை வைத்த முந்நூறு பையன்கள் சுதான்ஷுவைத் தோளில் தூக்கிக்கொண்டு நாற்சந்திக்கு வந்தார்கள்.

அங்கே பயிற்சி நிலையப் பியூன் மங்கிலால் ஏணிமேல் நின்று புதுப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதும் புது முகங்கள்.

"மங்கிலால்ஜி!" என்று தோள்மேலிருந்தபடியே கத்தினான் சுதான்ஷு. "என் படம் எங்க? இப்பதானே நிஜமா பாஸாகியிருக்கேன்!"

மங்கிலால் வாயிலிருந்த ஆணியை எடுத்தார்.

"அதனாலதான் தம்பி எடுத்துட்டோம். இவங்க ஒன்பது பேரும் இப்பதான் ஃபெயிலாகி வந்து சேர்ந்தவங்க. போன வருஷம் உன்கூட மேல இருந்த எட்டுப் பேரும் ஃபெயிலானவங்கதான், இந்த வருஷம் நீங்க ஒன்பது பேரும் பாஸ். ஒரு வாத்தியார்கூட இல்லாத நிலையத்துல வேற எப்படிப் பாடம் நடத்துறது?"