வெர்லின் ஹாகன் காப்பாற்றிய ஆட்டங்கள்

சாவது என்று வெர்லின் ஹாகன் தீர்மானித்துவிட்டார். வீட்டிலேயே, தன் சாய்வு நாற்காலியிலேயே.

இதய வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் அடுத்த குளிர்காலம் கிடையாது என்று அன்று காலைதான் டாக்டர் சொன்னார். நூற்றில் தொண்ணூற்று நாலு பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றும் சொன்னார். "மிச்ச ஆறு பேர்?" என்று கேட்டுவிட்டு, கூட வந்த மனைவி ஆர்லிஸை அங்கேயே விட்டு வெர்லின் வெளியே போய்விட்டார். அந்த ஆறில் ஒருவர் அவருடைய தம்பி ஆர்டன். டலூத் நகரத்தில், இந்த டாக்டரின் அதே மருத்துவமனையில், ஆபரேஷன் மேஜையிலேயே திறந்த நெஞ்சோடு போனவர்.

அவர் முடிவைக் கேட்டு ஆர்லிஸ் அழவில்லை, கெஞ்சவில்லை. உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மனைவியை வாயடைக்க வைத்துவிட்டோம் என்று வெர்லினுக்குக் கசப்பாக ஒரு திருப்தி.

சாப்பிடும்போது அவள் பேஸ்பால் பேச்சை எடுத்தாள். பதினோரு வருஷம் அவர் பெரிய லீக்கில் பந்து வீசியவர். ஆட்டத்தைத் தொடங்குகிறவர் அல்ல, முடிக்கிறவர். அணி ஒன்றிரண்டு ரன் முன்னால் இருக்கும், கடைசிச் சுற்று பாக்கியிருக்கும்; அப்போது அவரைக் கூப்பிடுவார்கள். அந்த முன்னிலையை விடாமல் முடித்தால், ஆட்டத்தைக் காப்பாற்றினார் என்று அவர் பெயரில் ஏறும்.

"மொத்தம் எத்தனை ஆட்டம் காப்பாத்தின?"

"இருநூத்திப் பதினாலு. உனக்குத் தெரியாததா?"

"உன்னைக் கூப்பிட்டது எத்தனை தடவை?"

முள்கரண்டி பாதியில் நின்றது. "அதை யாரு எண்ணினா?"

"இன்டர்நெட்ல எண்ணி வெச்சிருக்காங்க. முந்நூத்தி ஒண்ணு. நூத்துக்கு எழுபத்தொண்ணு. இன்னொரு கணக்கும் இருக்கு. நீ பந்து வீச வந்தப்ப ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு, வீசி முடிச்சப்ப எவ்வளவுன்னு ஒவ்வொரு ஆட்டமா கூட்டிக் கழிச்சிருக்காங்க."

"எவ்வளவு வந்துது?"

"பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே."

வெர்லின் தன் வலது தோளைத் தடவிக்கொண்டார். இருபது வருஷமாகத் தலைக்குமேல் தூக்க முடியாத தோள். அந்தக் கணக்குப்படி, அவர் இடத்தில் யாரோ ஒரு சுமாரான ஆளை நிறுத்தியிருந்தாலும் அணிக்கு ஒன்றும் குறைந்திருக்காது என்கிறார்கள்.

"கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன் என்ன வேணா சொல்லுவான். முப்பதாயிரம் பேர் கத்தும்போது அங்க நின்னு பார்க்கட்டும்."

"நீ தோத்த மறுநாளும் மேனேஜர் உன்கிட்டயேதானே பந்தைக் குடுத்தார்?"

"பின்ன? யாராவது வீசித்தானே ஆகணும். தோத்துடுவோமோன்னு வீசாமலே ஆட்டத்தை விட்டுக் குடுக்கிறவனை என்னன்னு சொல்றது?"

"எழுபத்தொண்ணு போதுமா அதுக்கு?"

"தாராளமா. எழுபத்தொண்ணு இருந்தா எவனும் கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பான்."

ஆர்லிஸ் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"டாக்டருக்குத் தொண்ணூத்தி நாலு."

"ஆர்டனை மறந்துட்டியா?" என்றார் வெர்லின்.

"மறக்கல. அன்னிக்கு அந்த வராந்தாவில உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ நான். இந்தத் தடவை தனியா உட்காரப் போறவளும் நான். எனக்கு மட்டும் பயமில்லையா?" அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆனா நீ அந்த நாற்காலியில கொஞ்சம் கொஞ்சமா போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கறதுக்கு அது தேவலை."

வெர்லின் ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தின்று முடித்தார். பிறகு, வீட்டுத் தலைவனுக்குரிய கம்பீரத்தோடு தொண்டையைச் செருமினார்.

"சரி. யோசிக்கறேன். ஆனா எப்பன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். பண்டிகையெல்லாம் போகட்டும். என்னை அவசரப்படுத்தக் கூடாது."

"அவசரமே இல்ல, மெதுவா யோசி. வெள்ளிக்கிழமை காலையிலதான் வரச் சொல்லியிருக்காங்க. காலையில நீ போய் வண்டியில உட்கார்ந்தப்பவே டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டேன். உன் பெட்டியைக் கட்டி வண்டியில வெச்சாச்சு."