கையில் சாவி வேண்டாம்

அரியலூரில் எங்கள் 'சாவிக்கொத்து' அளவுக்கு ஊரார் சாவிகளைக் கையில் வாங்கியவர் எவரும் கிடையாது. அவருக்கென்று சொந்தமாக ஒரு பூட்டுகூட இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸில் அவர் டைப்பிஸ்ட். வலிப்பு நோய் உண்டு. அவர் விழுந்தால் போதும், தெருவே ஓடிவந்து கையில் இரும்பைத் திணிக்கும். ஒருமுறை கண் விழித்து எண்ணிப் பார்த்தார். பதினொரு சாவிகள்.

"இதுல லாரி சாவி யாருது?"

"என்னுதுங்க."

"லாரி எங்கய்யா?"

"நடுரோட்லதாங்க நிக்குது."

பின்னால் ஆறு பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறியதும் எழுந்து நின்று அறிவிப்பார்: "எனக்கு வலிப்பு வருங்க. வந்தா சாவி குடுக்காதீங்க, சோடா ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. செத்த நேரத்துல நானே எந்திரிச்சுருவேன்."

பெரம்பலூர் பஸ்ஸில் ஒரு பெரியவர் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, லேகியம் எங்க?"

முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தான். "பார்ட்டிங்க வந்து போற எடம். இவரு வூட்டுலயே இருக்கட்டும்" என்றான்.

சாவிக்கொத்து எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார், என்னால உங்களுக்கு என்ன கஷ்டம்?"

ஏழு பேர் இருந்தோம். ஏழு பேருக்கும் அந்த நேரத்தில் அவசர வேலை வந்துவிட்டது. நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அவர் டைப்ரைட்டரைத் துடைத்து உறை போட்டார். ஒவ்வொரு மேஜையாக வந்து, "போயிட்டு வரேன் சார்" என்றார்.

மூன்று மாதம் கழித்து, தா.பழூரில் அவர்கள் ஊர் வாய்க்காலில் தனியாகக் குளிக்கும்போது வலிப்பு வந்திருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

துக்கம் கேட்கப் போனேன். அவருடைய தங்கை என் பெயரைக் கேட்டதும் அழுதபடியே கும்பிட்டாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் எனக்காகச் சண்ட போட்டாங்கன்னு அண்ணன் சொல்லுச்சுங்க. நீங்கதான் வேலையே வேணாம்னு எந்திரிச்சு நின்னீங்களாமே சார்?"

இல்லையம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்களை நல்லவர்களாக்கி அவர் வீட்டில் சொல்லி வைத்திருந்த பொய் அது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.