பென்குயின் பேய் ஓட்டிய டாக்டர் பிக்ஸ்பி

ஹாக்கி அரங்கத்தில் நடக்கும் எங்கள் மினசோட்டா சனிச்சந்தையில், ஆப்பிள் பை மேசையைவிட நீளமான வரிசை டாக்டர் ஆர்லன் பிக்ஸ்பியின் கூடாரத்துக்குத்தான். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், போதாதா?

ஊர் நூலகம் பழைய கணினிகளுக்கெல்லாம் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து வந்த வினை இது. அதற்குக் கொடுத்த பென் டிரைவெல்லாம் முப்பத்திரண்டு ஜிபியிலிருந்து நாலாகச் சுருங்கித் திரும்பின. நூலகத்தில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூச்சம். பேயை நம்ப மட்டும் கூச்சமே கிடையாது.

"லினக்ஸோட சின்னம் என்ன? பென்குயின். அது உள்ள புகுந்து இடத்தை அடைச்சிக்கிச்சு. சூடு காட்டினா ஓடிடும்" என்றார் டாக்டர். பென் டிரைவைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோவார், ஹேர் டிரையர் உறுமும், முழு இடத்தோடு திரும்பி வரும். உள்ளே இருந்த கோப்புகள் காணாமல் போயிருக்கும். பேய் போகும்போது சும்மாவா போகும்?

அன்று மார்லிஸின் முறை. அவள் கணவன் ஜீன் இறந்து ஒரு வருடம். அவன் லினக்ஸ் வைத்துப் புழங்கிய பென் டிரைவ் அது. அவன் பாடியதையெல்லாம் அதில்தான் சேமித்திருந்தான், ஆனால் அவளுடைய விண்டோஸ் கணினியில் ஒன்றும் தெரியவில்லை. அவன் குரல் வேறெங்கும் இல்லை. பென்குயின் ஓடிவிட்டால் பாட்டு வெளியே வந்துவிடும் என்று நம்பி அதை டாக்டரிடம் நீட்டினாள்.

வரிசையில் பின்னால் நின்ற, கணினி விவரம் தெரிந்த டெலோரஸ் அவள் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் இரு மார்லிஸ். டாக்டர், முதல்ல என்னுதுக்குச் சூடு காட்டுங்க. இங்கயே, எங்க முன்னாடி."

மறுக்க வழியில்லை. டிரையர் உறுமியது. டெலோரஸ் பென் டிரைவைத் தன் மடிக்கணினியில் செருகினாள். அதே நாலு ஜிபி.

"நம்பாதவங்க பாத்தா பேய் போகாதும்மா."

"சரி, நான் கண்ண மூடிக்கிறேன். அப்புறம் இந்தத் திரைச்சீலை எதுக்கு?" என்று சொல்லி அதை விலக்கினாள்.

உள்ளே ஒரு மடிக்கணினி. அதன் திரையில் கொழுகொழுவென்று ஒரு பென்குயின். எந்தப் பேயை ஓட்டினாரோ அதே லினக்ஸை வைத்துத்தான் மனிதர் பிழைத்துக்கொண்டிருந்தார்.

"லினக்ஸ் போட்டா பென் டிரைவ் பிரிவு பிரிவா பிரிஞ்சிடும், விண்டோஸுக்கு ஒண்ணுதான் தெரியும். இவர் அந்தப் பிரிவுகளை அழிச்சிட்டு முழுசா ஒரே பிரிவா போட்டு ஃபார்மட் பண்றார். ரெண்டு நிமிஷ வேலை. உள்ள இருக்கறதும் சேந்து அழிஞ்சிடும்" என்றாள் டெலோரஸ்.

மார்லிஸின் பென் டிரைவை டாக்டரின் மடிக்கணினியிலேயே செருகினாள். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத இரண்டாவது பிரிவு ஒன்று தெரிந்தது. திறந்தாள். சுருதி விலகி, சந்தோஷமாக, ஜீன் பாடினான்.

"அய்யோ, அதே கட்டைக் குரல்" என்று மார்லிஸ் அழுதுகொண்டே சிரித்தாள்.

முதலில் பாட்டைப் பத்திரமாக நகலெடுத்தார்கள். பிறகுதான் பிரிவுகளை அழித்தார்கள். முழு முப்பத்திரண்டும் வந்தது. டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டுக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து நடந்தார்.

நிமிர்ந்து பார்த்தால், வரிசை கலையவில்லை. டெலோரஸ் பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

"டெலோரஸ், எங்க பேயையும் ஓட்டிடுங்க" என்றான் முன்னால் நின்ற லாயிட், தொப்பியைக் கழற்றிப் பவ்யமாக.

பென் டிரைவில் இடம் குறைந்தால் பதறி ஓடி வருகிறோம். தலைக்குள் இவ்வளவு இடம் வருடக்கணக்காகக் காலியாகக் கிடக்கிறதே, அதற்கு ஒருவராவது வரிசையில் நின்றோமா?