மிதவை எந்தப் பக்கம்?

"மிதவை இடது பக்கம்தானே வரணும்?" என்றாள் மனைவி.

கொட்டகையில், படகுக்குள் முதல்முறையாக ஏறி உட்கார்ந்திருந்த தபால்காரர் திரும்பிப் பார்த்தார். படகு சாயாமலிருக்க இரண்டு கம்புகளின் நுனியில் கட்டிய மிதவைக்கட்டை, அவருக்கு வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் இடது பக்கம்.

எட்டு மாத உழைப்பு. ஒரே மரத்தை உளியால் குடைந்து, ஒரு ஆணிகூட அடிக்காமல் கயிற்றாலேயே கட்டியது. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கு அக்கரையிலுள்ள சகலை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. "தபால் பெட்டியைத் தண்ணியில போட்டாக்கூட மிதக்கும். உங்க படகு மிதக்காது" என்று சொன்ன அதே சகலை.

"என்ன பிரமாதம்? மாத்திக் கட்டினாப் போச்சு!"

கயிறுகளை அவிழ்த்து, புதுத் துளை போட்டு, மிதவையை இடது பக்கம் கட்டினார். பழைய துளைகள் பல்லை இளித்தன. மரமுளை வைத்து அடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"ஏங்க, பாய்மரம் முன்னாடி நிக்கணும்னீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடில்ல நிக்குது?"

லீவு போட்டார். பாய்மரத்தைப் பிடுங்கி முன்னால் நட்டார். அது முழங்காலில் இடித்தது. உட்காரும் பலகையைப் பெயர்த்துப் பின்னால் கொண்டுபோனார். ஒருநாள் லீவு ஒரு வாரமானது. விரல்களில் கொப்புளம் இல்லாத இடமில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமியார் ஏதோ சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தார்.

"அம்மா, நீ சும்மா இரு. அவரே நொந்துபோயிருக்கார்" என்று மகள் அடக்கிவிட்டாள்.

ஞாயிறு காலை படகு தண்ணீரில் இறங்கியது. பாய் காற்றில் புடைத்தது. மிதவை அலையைத் தொட்டுத் தொட்டு ஓட, படகு இம்மியும் சாயவில்லை. அக்கரையில் சகலை முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

"தோத்துட்டேன் சகலை! திரும்பிப் போறதுக்கு முன்னாடி என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க!"

தபால்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. மாமியாருக்குக் கைகொடுத்துக் கரையில் இறக்கினார்.

"எப்படி அத்தை நம்ம படகு?"

"பிரமாதம் மாப்பிள்ளை. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. படகோட ரெண்டு நுனியும் ஒரே மாதிரிதானே இருக்கு? அன்னிக்கே நீங்க அந்தப் பக்கமாத் திரும்பி உட்கார்ந்திருந்தா, எல்லாம் சரியா இருந்திருக்குமே?"