லெஸ்ஸின் டிரம் செட்

டிரம் செட்டின் பித்தளை சிம்பல் தட்டிலிருந்து அழுக்கு போயிற்று. கூடவே அதைச் செய்த கம்பெனியின் பெயரும் போயிற்று.

வில்ஃப் ஸ்டானிஃபோர்த் துணியைத் திருப்பிப் பார்த்தான். கறுப்பு எழுத்து மொத்தமும் துணிக்கு வந்திருந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றான் பக்கத்து வீட்டு ஜாக். உதவிக்கு என்று வந்தவன், வந்ததிலிருந்து பிஸ்கட் மட்டும்தான் தின்றுகொண்டிருந்தான்.

"மெருகு போட்டேன். நாப்பத்திரெண்டு வருஷம் ஷெஃபீல்டு பட்டறையில கத்திக்கும் கரண்டிக்கும் போட்ட மெருகு. எந்தக் கரண்டியும் இப்படி பேரை உதுத்ததில்ல."

"தலைகீழா மாட்டிடு. யாரு உத்துப் பாக்கப் போறா?"

மாட்டினான். தட்டு கஞ்சிக் கிண்ணம்போல வானத்தைப் பார்த்து நின்றது.

வில்ஃப் கணக்கில் அந்த டிரம் செட் லெஸ்ஸுடையது. லெஸ், வில்ஃபின் மனைவி மேவிஸுடைய முதல் புருஷன். செத்துப் பதினைந்து வருஷமாகிறது. வில்ஃபைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது மேவிஸ் கொண்டுவந்தது இரண்டு பெட்டி, ஒரு கிளி, இந்த டிரம் செட். கூடவே மாடிப்படியில் மாட்ட ஒரு போட்டோ. ஆறடி லெஸ் டிரம் மேல் சாய்ந்துகொண்டு, சாவிக்கொத்தைச் சுழற்றியபடி சிரித்துக்கொண்டிருப்பான். பதினோரு வருஷமாக வில்ஃப் படுக்கப் போகும்போதெல்லாம் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"அந்த டிரம் இருக்கே, வில்ஃப்..." என்று மேவிஸ் ஆரம்பித்தால் போதும், வில்ஃப் எழுந்து புறாக்கூண்டுக்குப் போய்விடுவான். அந்தப் புண்ணியத்தில் புறாக்கள் பறக்க முடியாத அளவு கொழுத்திருந்தன.

போன வாரம் அவள், "சனிக்கிழமை கிளப்புல எங்க பழைய டான்ஸ் பேண்டு கூடுதாம். டிரம் வேணுமாம்" என்றாள். வில்ஃப் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

ஆனால் புதன்கிழமை அவள் அக்காவைப் பார்க்க ஸ்கார்பரோவுக்குப் போனதும் மனசு உறுத்தியது. டிரம் இருக்கும் அறைக்குள் போகும்போது மட்டும் மேவிஸின் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். கத்தி கரண்டி பளபளக்க வைத்த கை இது. ஒரே ஒரு தடவை அந்த மலர்ச்சி தன் கைவேலையைப் பார்த்து வந்தால் என்ன?

அதற்குத்தான் இந்தப் பாடு.

சின்ன டிரம்மின் மேல் கன்றுத்தோல். மஞ்சளடித்துக் கிடந்தது. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தான். தோல் புட்டிங் மேல் கட்டும் ஆடைபோலத் தொய்ந்தது.

"கணப்புகிட்ட வை. இறுகிடும்" என்றான் ஜாக்.

இறுகியது. நன்றாகவே இறுகியது. அரை மணி கழித்துத் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். புறாக்கள்கூடப் பறந்தன.

வியாழக்கிழமை சந்தையில் பிளாஸ்டிக் தோல் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜாக் அதைக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும், டிரம்மைச் சுற்றி வெள்ளி முத்துப்போல மின்னிய உறையின்மேல், ஒரு சிவப்புப் புள்ளி.

ஜாக் நகத்தால் சுரண்டினான். "நெயில் பாலிஷ்டா இது."

"மேவிஸ் நெயில் பாலிஷ் போட்டு நான் பாத்ததே இல்லையே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் மிதியைப் பார்த்தார்கள். அதில் வட்டமாக ஒரு பள்ளம். பெண்களின் குதிகால் செருப்பு மட்டும்தான் அப்படிப் பதியும்.

"அட திருட்டுப் பயலே!" என்றான் ஜாக், மாடிப்படி போட்டோ பக்கம் திரும்பி. "மேடையிலயே ஒருத்திய மடியில உக்கார வெச்சிருக்கான்!"

வில்ஃபுக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை. பதினோரு வருஷம் சுவரில் தொங்கிய புனிதன் இவன்தானா! ஆனால் அடுத்த நிமிஷமே குளுமை போய்விட்டது. இது மேவிஸுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள்.

"அவ பாக்கக் கூடாது ஜாக். எல்லாத்தையும் அழிச்சிடணும்."

"நீ பெரிய மனுஷன்டா. என் பொண்டாட்டியோட பழைய ஆளா இருந்தா ஊருக்கே தண்டோரா போட்டிருப்பேன்."

எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க வைத்திருந்த அசிட்டோனை எடுத்தான் வில்ஃப். புள்ளி போயிற்று. புள்ளிக்குக் கீழிருந்த உறையும் பாகாய் உருகி இழுபட்டது. மேலும் தேய்த்தான். கடைசியில் உறையை மொத்தமாக உரித்து எறிந்துவிட்டு, குளியலறைக்கு வாங்கியதில் மீந்த ஒட்டுத்தாளைச் சுற்றினான். நீல மீன் படம் போட்டது. மிதிப் பள்ளத்தை அரத்தால் ராவினான். டிரம்முக்குப் பின்னால் குட்டையாக இருந்த முக்காலியை மனுஷன் உட்காரும் உயரத்துக்குத் தூக்கி முடுக்கினான்.

வெள்ளிக்கிழமை மாலை மேவிஸ் வந்தாள். கூடவே டிரம்மை ஏற்றிப்போக பேண்டில் டிராம்போன் ஊதும் பெர்னார்டும் வந்தான்.

மேவிஸ் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஒரு மீனைத் தடவினாள். திருகுகளை ஒவ்வொன்றாக விரலால் தேடினாள்.

"புள்ளியெல்லாம் எங்க, வில்ஃப்?"

"என்ன புள்ளி? நான் எந்தப் புள்ளியையும் பாக்கல" என்றான் வில்ஃப். "தப்பெல்லாம் என்னுது கண்ணு. திட்டறதா இருந்தா என்னையத் திட்டு. செத்தவனை ஒண்ணும் சொல்லாத."

"லெஸ்ஸை நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

ஐயோ, பாவம், இவ்வளவு நம்பிக்கையா! வில்ஃபால் தாங்க முடியவில்லை. பெர்னார்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தான்.

"உண்மையச் சொல்லு. சிவப்பு நெயில் பாலிஷ், குதிகால் செருப்பு. லெஸ் கூட ஒருத்தி இருந்தாளே, யாரு அவ? மேவிஸ் காதுக்குப் போகாது, சத்தியம்."

பெர்னார்ட் போட்டோவைப் பார்த்தான். வில்ஃபைப் பார்த்தான். கதவு இடுக்கு வழியே உள்ளேயும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"லெஸ்ஸுக்குக் கை தட்டக்கூடத் தாளம் வராதுப்பா, அவன் எங்க வேன் டிரைவர், எந்தத் திருகை எவ்வளவு முறுக்கணும்னு பாலிஷால புள்ளி வெச்சுக்கிட்டு, குதிகால் செருப்போட பன்னெண்டு வருஷம் டிரம் அடிச்சவ, அதோ உள்ள, நீ தூக்கி வெச்ச முக்காலியில கால் எட்டாம உக்காந்திருக்கா."